உறைபனிக் காலையில் கோழிக்குத் தண்ணீர்: எந்த வழி நம் மலைக்குப் பொருந்தும்?

ஜனவரி மாதத்து விடியற்காலை ஒன்றில், ஆறரை மணியளவில், கூட்டுக் கதவைத் திறந்தவுடன் பன்னிரண்டு கோழிகளும் இறங்கி நேராகத் தண்ணீர்த் தட்டுக்குச் சென்று குனிந்தன. குனிந்த அலகுகள் தண்ணீரில் அமிழாமல் 'டக், டக்' என்று தட்டி வழுக்கின. தட்டின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். மூக்குக்கண்ணாடி வில்லையின் தடிப்பில் ஒரு பனிக்கட்டி வளையம் உடையாமல் கையோடு வந்தது. அதற்குள் கோழியின் சிறு இறகு ஒன்று அசையாமல் பதிந்திருந்தது. கந்தப்பளைக்கு மேலே இருக்கும் எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், வருடத்துக்குப் பத்துப் பதினைந்து காலைகள் இப்படி விடியும். அந்தச் சில காலைகளுக்காக எவ்வளவு பணத்தையும் உழைப்பையும் செலவிடுவது தகும், அதை எந்த வழியில் செலவிடுவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. கீழே வருவனவற்றில் பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்தேன். சிலவற்றை அயலவர் செய்யக் கண்டேன்.

முதலில் இது யாருடைய கவலை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவல, பட்டிபொல, ஹோர்ட்டன் சமவெளியை ஒட்டிய பகுதிகள் ஆகியவற்றில் மார்கழி முடிவிலிருந்து மாசி வரை துகள் உறைபனி விழும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் குளிர் உண்டே தவிர, கோழித் தண்ணீர் உறையும் அளவுக்கு இல்லை. அங்குள்ளவர்கள் இந்த வாரத்து நேரத்தைக் கோழிக்கு அம்மைத் தடுப்பூசி போடுவதில் செலவிட்டால் பயன் கூடுதலாக இருக்கும்.

நம் உறைபனியின் இயல்பைப் புரிந்துகொண்டால் பாதித் தீர்மானம் தானாகவே முடிந்துவிடும். கனடாவில் பகலிலும் இரவிலும் வாரக்கணக்கில் காற்றே பூச்சியத்துக்குக் கீழே கிடக்கும். தண்ணீரை எங்கே வைத்தாலும், எதால் மூடினாலும், நாள் கணக்கில் விட்டால் உறைந்தே தீரும். நம் மலையில் நடப்பது வேறு. மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில் புல்லும் தேயிலைக் கொழுந்தும் திறந்த தட்டில் இருக்கும் தண்ணீரும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி இழக்கின்றன. அப்படி இழந்தவை, ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 2 அல்லது 3 பாகை செல்சியஸ் காட்டும்போதே பூச்சியத்துக்குக் கீழே போய்விடுகின்றன. அதனால்தான் திறந்த புற்றரை வெண்மையாகப் பூத்திருக்கும் அதே காலையில், இரண்டடி தள்ளி மரத்தின் கீழிருக்கும் புல் பச்சையாகவே இருக்கிறது. சூரியன் ஏறி எட்டு, எட்டரை மணி ஆகும்போது எல்லாம் கரைந்துவிடும். ஆக, நாம் எதிர்கொள்வது திறந்த வானத்தையும், விடிந்தபின் இரண்டு மணி நேரத்தையும் மட்டுமே.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். தெளிந்த வானத்தின் கீழ் ஒரு நீர்ப்பரப்பு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 80 வாற்று வீதம் வெப்பம் இழப்பதாகக் கொள்வோம். 30 சென்றிமீற்றர் விட்டமுள்ள தட்டுக்கு அது 6 வாற்றுக்குச் சற்றுக் குறைவு. பத்து மணி நேர இரவில் 200 கிலோயூல் அளவு. ஒரு லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து பூச்சியத்துக்குக் குளிர்விக்க 63 கிலோயூல் போதும். எஞ்சியது உறைய வைக்கத் தொடங்கிவிடும். ஒரு லீற்றர் முழுவதும் உறைய இன்னும் 334 கிலோயூல் போக வேண்டும் என்பதால் தட்டு அடிவரை கட்டியாவதில்லை. மேலே ஓர் ஏடு மட்டும் பிடிக்கிறது. இப்போது அதே வாயகலமுள்ள வாளியில் பத்து லீற்றர் இருக்கட்டும். அதே 200 கிலோயூல் போனாலும் அந்தத் தண்ணீர் 5 பாகைதான் குளிரும். காலையில் 10 பாகையில் இருக்கும். பக்கவாட்டில் போகும் வெப்பம், காற்றிலிருந்து திரும்பக் கிடைக்கும் வெப்பம் ஆகியவற்றைச் சேர்த்தால் எண்கள் சற்று மாறுமே தவிர, தட்டு உறையும், வாளி உறையாது என்ற முடிவு மாறாது. ஆழமும் கூரையும் இலவசமாகத் தரும் பாதுகாப்பைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோமா என்பதை ஒவ்வொரு வழியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கோழியின் தேவையும் பெரிதல்ல. முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தீன் தின்னும். அதன் இரு மடங்கு எடையில் தண்ணீர் குடிக்கும். பன்னிரண்டு கோழிக்கு 3 லீற்றர் போதும். இருட்டில் கோழி குடிக்காது. இரவு முழுவதும் தண்ணீர் உறைந்து கிடந்தாலும் அதற்கு நட்டமில்லை. ஆனால் கூட்டிலிருந்து இறங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரமும், முட்டையிட்ட பின்னரும், அடைவதற்கு முன்னரும்தான் அது அதிகமாகக் குடிக்கிறது. முட்டையின் உள்ளடக்கத்தில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்ந்த மாஷ் தீனைத் தண்ணீர் இல்லாமல் அது விழுங்கவும் மாட்டாது. ஒரு காலை தவறினால் ஒன்றும் ஆகிவிடாது. வாரத்துக்கு நான்கு காலை எட்டரை வரை தாகத்தோடு நின்றால் தீன் குறைந்து, பின் முட்டை குறையும்.

இனி வழிகளுக்கு வருவோம். ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானிடம் இந்தப் பிரச்சினையைச் சொன்னதுதான் தாமதம், அடுத்த முறை ஊருக்கு வந்தபோது மின்சாரத்தால் சூடாகும் தட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அந்நாட்டுக் குளிருக்கு அது சரியான கருவி. வேறு வழியும் அங்கே குறைவு. ஆனால் அங்குள்ள மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. வெப்பச்சுருள் ஒன்றுக்கு அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானால் வெப்பம் மூன்றரை மடங்குக்கு மேல் போய்விடும் என்பதை நான் பள்ளியில் படித்தும், அன்று மாலை அது நினைவுக்கு வரவில்லை. கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் உருகும் மணம் வந்தது. நல்ல வேளையாகக் கோழிகள் அடைந்திருந்தன. அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வாங்கி அதை ஓட்டலாம் என்றார் மச்சான். ஆண்டுக்குப் பதினைந்து காலைக்கு மின்மாற்றியா என்று அம்மா கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

உள்ளூரில் கிடைப்பதைக் கொண்டு செய்யும் மின் வழி, பிஸ்கட் தகர டின்னுக்குள் 40 வாற்று இழை மின்குமிழ் ஒன்றை எரியவிட்டு அதன் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைப்பது. மேலே சொன்ன கணக்கின்படி தட்டு இழப்பது 6 வாற்றுதான் என்பதால் இது தாராளமாகப் போதும். 15 வாற்றே போதும். 40 வாற்றுக் குமிழே பத்து மணி நேரம் எரிந்தாலும் 0.4 அலகு, பதினைந்து இரவுக்கு 6 அலகு. மின்கட்டணத்தில் இது தெரியவே தெரியாது. இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் எல்.இ.டி. குமிழ் இதற்கு உதவாது. அது வெளிச்சத்தைத் தருமே தவிர, தேவையான சூட்டைத் தராது. நான் இந்த வழியை விலக்குவதற்குக் காரணம் செலவல்ல. லயத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயர் மழையிலும் பனியிலும் கிடந்து, கோழி கொத்தி, காய்ந்த மரத்தூளுக்கு நடுவில் உள்ள தகர டின்னுக்குள் போகிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் இருக்கும் இடத்தில், ஒரு வீட்டின் கோழிக்கூட்டில் பிடித்த தீ அந்த வீட்டோடு நிற்பதில்லை. ஐந்நூறு, ஆயிரம் கோழி வைத்து, தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு தனி இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை நிறுத்தும் நிலக்கசிவுத் துண்டிப்பானும் பொருத்தி, மேல் தொட்டியிலேயே தண்ணீரைச் சற்றுச் சூடாக்கும் பண்ணையாளருக்கு இது வேறு கதை. அவர் செய்யட்டும். மண்ணெண்ணெய் விளக்கையும் தணல் சட்டியையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உப்புப் போடலாம் என்பாரும் உளர். உறைநிலையை ஒரு பாகை இறக்கவே லீற்றருக்கு 17 கிராம் உப்பு வேண்டும். அந்தத் தண்ணீர் கோழியைக் கொன்றுவிடும். வாகனத்து உறைதடுப்புத் திரவம் நேரடி நஞ்சு. பந்து ஒன்றை மிதக்கவிட்டால் அது அசைந்து அசைந்து ஏடு பிடிக்காமல் காக்கும் என்பது காற்றடிக்கும் நாடுகளுக்கு ஓரளவு உண்மையாக இருக்கலாம். நமக்கு உறைபனி விழுவதே காற்று நின்ற இரவில்தான். நான் போட்ட பந்து காலையில் அப்பம் நடுவில் முட்டை போல அசையாமல் இருந்தது.

பி.வி.சி. குழாயில் முலைக்காம்பு போன்ற சிறு வால்வுகளைப் பொருத்தும் முறையைப் பலர் விரும்புகிறார்கள். தண்ணீர் அழுக்காவதில்லை, சிந்துவதில்லை. ஆண்டின் பதினொரு மாதத்துக்கு அதைவிடச் சுத்தமான ஏற்பாடு இல்லை. ஆனால் உறைபனிக்கு முதலில் தோற்பதும் அதுதான், ஏனெனில் வால்வின் நுனியில் நிற்பது ஒரு துளித் தண்ணீர் மட்டுமே. மெல்லிய குழாயில் நிற்கும் தண்ணீரின் அளவும் சிறிது. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 வீதம் விரியும். என் குழாயின் முழங்கை இணைப்பு ஒன்று அவ்வாறு வெடித்து, வெயில் ஏறிய பிறகு கூட்டுக்குள் மழை பெய்தது. இந்த முறை வைத்திருப்பவர்கள் தெளிந்த இரவுகளில் குழாயை வடித்துவிட்டு, காலையில் மட்டும் திறப்பது நல்லது. மண்பானையும் தவறான தெரிவே. யாழ்ப்பாணத்து வெயிலில் அதைப் போற்றச் செய்யும் குணம், அதாவது சுவரில் கசிந்து ஆவியாகித் தண்ணீரைக் குளிர்விக்கும் குணம், இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. உறைந்தால் பானை கீறியும் போகும்.

மிகப் பழைய வழி, மாலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, காலையில் கேத்தலிலிருந்து கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக ஊற்றுவது. எல்லோரும் இதையே சொல்வார்கள். பணச் செலவு இல்லை, பொருள் ஒன்றும் தேவையில்லை, தேநீருக்கு அடுப்பு எப்படியும் எரிகிறது. கோழியும் விரும்பிக் குடிக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போனால்தான் மறுக்கும். இந்த வழியில் குறை எதுவும் இல்லை என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்தக் கேத்தல் தண்ணீரை யார் கொண்டுபோகிறார் என்று பார்த்தபோதுதான் கணக்கு மாறியது. நான்கரைக்கு எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தமாக்கி, ஏழு மணிக்கு முன் கொழுந்து மலைக்குப் போய்ச் சேர வேண்டிய பெண், தன் கைக்குக் கிடைக்காத பத்து நிமிடத்தை இதற்கும் எடுக்க வேண்டியிருக்கிறது. அவர் கூட்டைத் திறக்கும் நேரம் இன்னும் இருட்டாக இருந்தால், கோழி இறங்குவதற்குள் தட்டிலுள்ள சிறு தண்ணீர் மறுபடி ஆறியும் விடும். வீட்டில் ஓய்வுபெற்ற தாத்தாவோ, காலையில் வேலை இல்லாத ஒருவரோ இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. இல்லாத வீட்டில் இது இலவசம் என்று சொல்வது நியாயமல்ல.

அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது எண்ணெய்க் கேன். உணவகங்களில் காலியாகும் 20 லீற்றர் சமையல் எண்ணெய்க் கேனை வாங்கி, சவர்க்காரம் போட்டு மூன்று நான்கு முறை கொதிநீரால் கழுவி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கோழித் தலை நுழையும் அளவில் ஒரு பக்கத்தில் இரண்டு சாளரம் வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பைச் சூடான கரண்டியால் தடவி மழுக்காவிட்டால் தாடி கிழியும். சாளரத்தின் அடி விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பினால் பத்து லீற்றருக்குக் குறையாமல் பிடிக்கும். கோழிகள் நாளுக்கு 3 லீற்றர் குடித்தாலும் மட்டம் எட்டாத ஆழத்துக்குப் போகாது. ஒவ்வொரு மாலையும் குறைந்ததை நிரப்பினால் போதும். தண்ணீருக்கு ஆழம் கிடைக்கிறது, கேனின் மேற்பாகமே வானத்தை மறைக்கும் கூரையாகிறது. நாம் கணக்கில் கண்ட இரண்டும் ஒரே பொருளில் வந்துவிடுகின்றன. இரண்டு பருவங்களாக எங்கள் கேனில் ஒரு நாளும் ஏடு பிடித்ததில்லை. குஞ்சு இருக்கும் கூட்டில் மட்டும் உள்ளே கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் விழுந்து மூழ்கும். கிருமிநாசினி, களைநாசினி வந்த கேனை, எத்தனை தடவை கழுவினாலும், இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நம் மரக்கறித் தோட்டங்களின் ஓரத்தில் அத்தகைய கேன்கள்தான் முதலில் கண்ணில் படும் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேனைக் கூட்டின் தாழ்வாரத்துக்குள் வைப்பது இன்னும் நல்லது. வெறும் தகரக் கூரை என்றால், தகரமும் வானத்துக்கு வெப்பத்தை இழந்து காற்றைவிடக் குளிர்ந்து, அடிப்பக்கத்தில் வேர்த்துச் சொட்டும். அதன் கீழே ஒரு சாக்கைக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லையும் குறையும். மீன்காரரிடம் கிடைக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் கேனை இறக்கினால் காப்பு சிறப்பாக இருக்கும் என்று எண்ணி அதையும் செய்தேன். காப்பு சிறப்பாகத்தான் இருந்தது. ஆனால் கோழிக்கு ரெஜிபோமைப் போலச் சுவையான பொருள் உலகத்தில் இல்லை போலும். மூன்றாம் நாள் பெட்டியின் ஒரு மூலையே காணாமற் போயிருந்தது, எச்சத்தில் வெள்ளை மணிகள் தெரிந்தன. பலகையால் முழுவதும் மறைக்க முடியாதவர்கள் அதைத் தொடாமல் விட்டு, கேனைச் சுற்றிக் காய்ந்த மானாப்புல்லை ஒரு கை தடிப்பில் கட்டினால் போதும்.

கடைசி வழி, ஊற்றுத் தண்ணீர் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது. இருந்தால் அதுவே எல்லாவற்றிலும் மேல் என்பது என் எண்ணம். நம் பீலிகளில், அதாவது தண்ணீர் விழும் குழாய்வாய்களில், வருவது மலைக்குள்ளிருந்து கசியும் ஊற்று. நிலத்தடி நீரின் வெப்பநிலை ஓரிடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். நுவரெலியாப் பக்கத்துக்கு அது ஏறத்தாழ 16 பாகை. உறைபனிக் காலையில் பீலியில் கை வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தோன்றுவதும், அதிலிருந்து ஆவி எழுவதும் அதனால்தான். அந்தத் தண்ணீரை மெல்லிய குழாய் வழியே கோழித் தொட்டிக்குள் மணிக்கு இரண்டு லீற்றர் வீதம் சொட்டவிட்டால், பூச்சியத்துக்கு மேலே அது கொண்டுவரும் வெப்பம் ஏறத்தாழ 37 வாற்றுக்குச் சமம். டின்னுக்குள் எரிந்த மின்குமிழின் வேலையை வயரும் தீயும் இல்லாமல் மலையே செய்துவிடுகிறது.

நிபந்தனைகள் மூன்று உண்டு. குழாய் புல்லின் மேல் கிடந்தால் இவ்வளவு மெதுவாக ஓடும் தண்ணீர் வழியிலேயே தன் சூட்டை இழந்து, குழாயே அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு அடி ஆழத்தில் புதைத்து, கூட்டின் அருகில்தான் மேலே கொண்டுவர வேண்டும். தொட்டியிலிருந்து வழிவதற்கு ஒரு வடிகால் வேண்டும். ஈரமான தரையில் இரத்தக் கழிச்சல் நோய் வந்தால், தண்ணீர் உறையாமல் காத்ததால் கிடைத்த இலாபம் ஒரே வாரத்தில் போய்விடும். மூன்றாவது, ஊற்று நம் ஒருவருடையதல்ல என்பது. உறைபனி விழும் மாதங்களே ஊற்று மெலியும் மாதங்களும் ஆகும். மாசியில் பீலி நூலாக ஓடும்போது இரவு முழுவதும் சொட்டவிடும் இருபது லீற்றருக்கும் கணக்குக் கேட்க ஆளிருப்பார்கள், கேட்பதும் நியாயமே. எங்கள் வரிசையில் வடிகால் தண்ணீரைக் கீழே உள்ள லீக்ஸ் பாத்திக்குத் திருப்பிய பிறகுதான் பேச்சு அடங்கியது.

ஆகவே, மூன்று நான்கு கோழியும் காலையில் ஆளும் இருக்கும் வீட்டுக்குக் கேத்தல். பத்து முதல் முப்பது கோழி வரை வைத்து, காலையில் வேலைக்கு ஓடும் வீட்டுக்குத் தாழ்வாரத்தில் எண்ணெய்க் கேன். பீலிக்கு அருகில், அயலவரின் சம்மதத்தோடு இருக்கும் கூட்டுக்குச் சொட்டுக் குழாய். எதைத் தெரிவு செய்தாலும் எல்லா இரவும் அதைச் செய்ய வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்து பார்க்கும்போது நட்சத்திரங்கள் நிறைந்து, சவுக்கு மரத்து இலை அசையாமல், லயத்து அடுப்புப் புகை நேரே மேலே போகாமல் பள்ளத்தில் படிந்து கிடந்தால் அன்று உறைபனி வரும் என்று கொள்ளலாம். நான் அப்போதுதான் சொட்டுக் குழாயைத் திறப்பேன். காலை எட்டரைக்கு அதைப் பொதுத் தொட்டிக்கே திருப்பிவிடுவேன், கீழ் வரிசையில் துணி துவைக்க வருவார்கள்.